குத்துமதிப்பு

ஏழாவது வட்டும் போய்விட்டது.
தொண்ணூற்றெட்டு சதவீதம் வரை
சமர்த்தாக ஓடிவிட்டு
ஒரு விக்கல், ஒரு செருமல்.
தட்டு தானாக வெளியே நீண்டது
நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவதுபோல.

லியெபாயாவில் ஜனவரி.
நாலரை மணிக்கே இருட்டு.
ஜன்னலுக்குக் கீழே ஊரின் ஒரே டிராம்
பனியைத் தேய்த்துக்கொண்டு போகிறது.

சனிக்கிழமைகளில்
பெண்கள் ஹேண்ட்பால் ஆட்டத்தைப் படம் பிடிப்பேன்.
திங்கள் காலை வட்டு வெல்டாவின் மேசையில் இருக்கும்.
வியாழன் திரும்பி வரும், ஓரத்தில் ஜாம் கறையோடு.
அழிப்பேன். அதன்மேலேயே அடுத்த ஆட்டம்.
போன வாரத்துத் தோல்வியை
யாரும் என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை.
கிளப் வாங்கித் தந்தவை எட்டு வட்டுகள்.

"மலிவு வட்டு, ஜின்டா. வேறென்ன?"
போனில் சொல்கிறான் ஐகர்ஸ்,
பர்னரை என் தலையில் கட்டியவன்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

கேபிளை மாற்றினேன்.
லென்ஸை ஊதினேன், பிறகு துடைத்தேன்,
துடைத்திருக்கக் கூடாதோ என்று அரைமணி கவலைப்பட்டேன்.
வேகத்தை நாலிலிருந்து இரண்டாக்கினேன்.
ஹீட்டர் மின்சாரத்தைத் தின்கிறதோ என்று
அதையும் அணைத்துவிட்டு
கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தேன்,
சதவீதம் ஏறுவதைப் பார்த்தபடி.
மூச்சுதான் புகைந்தது.

வட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால்
நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல்
ஒரு கருவளையம்.

உள்ளே இருப்பது ஓர் உலோகப் பூச்சு.
பலமாகச் சுட்டுச் சட்டென ஆறவிட்டால் கலங்கும்.
மெதுவாகச் சூடேற்றினால் தெளியும்.
கலங்கல், எழுத்து.
தெளிவு, மறதி.
வித்தை இவ்வளவுதான்.
எவ்வளவு சூடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒவ்வொரு வட்டும் தன் உள்விளிம்பில்
தன் பெயரை முணுமுணுக்கிறதாம்.
பர்னரிடம் ஒரு பட்டியல்:
இந்தப் பெயருக்கு இவ்வளவு சூடு.
இரவு ஒரு மணிக்கு அந்தப் பட்டியலைத் தோண்டியெடுத்தேன்.
எங்கள் வட்டின் பெயர் அதில் இல்லை.

இல்லையென்று சொல்லியிருக்கலாம்.
வாங்க மாட்டேனென்று
தட்டை அப்போதே நீட்டியிருக்கலாம்.
தெரிந்ததுபோல் வாங்கிக்கொண்டு
குத்துமதிப்பாகச் சுட்டிருக்கிறது, ஏழு முறை.

திட்ட வாய் வரவில்லை.
"இதெல்லாம் எனக்குத் தெரியும், பார்த்துக்கொள்கிறேன்" என்று
நவம்பரில் வெல்டாவிடம் சொன்னது
பர்னர் இல்லை.

நூலகத்து இங்குனாவிடம் பழைய டிரைவ் ஒன்று இருந்தது,
செங்கல் கனம், செங்கல் வேகம்.
ஒரு வட்டை முழுதாக அழிக்க
ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு.
அவசரப்படத் தெரியாத அந்தப் பெட்டி
செத்ததென்று நான் எழுதிவைத்த வட்டுகளில்
ஐந்தைத் தெளியவைத்தது.
அவள் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்,
நான் அவளுடைய பிஸ்கட்டைத் தின்று தீர்த்தேன்.

ஆறாவதை எந்த டிரைவும் வட்டு என்றே ஒப்பவில்லை.
இங்குனா அதில் நூல் கோத்துவைத்திருக்கிறாள்,
ஜூனில் செர்ரி மரத்தில் தொங்கவிட, பறவைக்குப் பயம் காட்ட.

இன்னொன்று டோபெலே ஆட்டம்.
பாதியில் எழுத்து நின்றுபோன வட்டு.
அழியவும் மாட்டேன் என்கிறது.
போட்டால் ஓடுகிறது, நாற்பத்தோராம் நிமிடம் வரை.

பத்தொன்பதுக்கு முப்பத்தொன்று என்று தோற்ற ஆட்டம் அது.
பஸ்ஸில் யாரும் பேசாமல் திரும்பினோம்.
வட்டிலோ பதினேழு, பதினெட்டு.
கோல் கம்பத்தில் சாண்டா கையை விரித்து நிற்கிறாள்,
பந்து எறிந்தவளின் விரலை இன்னும் விடவில்லை.

வெல்டா இரண்டு முறை பார்த்தாள்.
"மீதி எங்கே?"
"இல்லை" என்றேன். "எனக்குத் தெரியவில்லை."
சொல்லிவிட்டேன்.

அவள் வட்டைத் திருப்பித் தரவில்லை.
இந்த வியாழனும் தரவில்லை.